கணக்கில் 34,400, க்யூவெட்டில் 1,16,000: எதை நம்புவது?

கேள்வி, பிப்ரவரி 3, இரவு 10.40

ரோடமின் 6ஜி என்ற சிவப்புச் சாயம், எத்தனால் கரைசல், க்யூவெட்டில் (அளக்கும் சிறு குப்பி) ஊற்றியது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் 530 நானோமீட்டரில் எப்சிலான் (ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்பதன் அளவு) 1,16,000 வருகிறது. ஃபோட்டோகெம்கேட் என்ற நிறமாலைத் தொகுப்பில் இருப்பதும் அதே எண்தான், அதனால் அளவீட்டில் எனக்குச் சந்தேகமில்லை. அதே மூலக்கூறைக் காசியன் மென்பொருளில் டிடி-டிஎஃப்டி (ஒளி உறிஞ்சலைக் கணிக்கும் குவாண்டம் கணக்கு) ஓட்டினேன். ஃபங்ஷனல் (கணக்கு எலக்ட்ரான்களைக் கையாளும் தோராயச் சூத்திரம்) பி3எல்ஒய்பி, கரைப்பானைச் சேர்க்கும் பிசிஎம் மாதிரியில் எத்தனால். 455 நானோமீட்டர், எஃப் 0.85 என்று வந்தது. நிறமாலையை வரையச் சொன்னால் உச்சியில் எப்சிலான் 34,400. அளந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அலைநீளம் தள்ளிப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலிமையுமா இப்படிக் கைவிடும்? இதை வைத்துப் புதுச் சாயம் வடிவமைக்கிறேன் என்பதெல்லாம் சும்மா பேச்சு என்றுதான் நினைக்கிறேன்.

பதில், பிப்ரவரி 3, இரவு 11.25

34,400 மூலக்கூறு சொன்ன எண் இல்லை. குவாண்டம் கணக்கிலிருந்து வந்தது 0.85 மட்டும்தான், அதாவது எஃப், ஆசிலேட்டர் ஸ்ட்ரெங்த்: அந்த எலக்ட்ரான் தாவலின் மொத்த வலிமை. அதை 40,490 ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் உச்சி அப்படியே வரும். அந்த 40,490 எங்கிருந்து வந்தது என்று நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 4, காலை 7.10

சரி. கணக்கு ஒரு ஆற்றலையும் ஒரு எஃப் எண்ணையும் தரும். அகலம் தராது. கோடாக இருப்பதைப் பட்டையாக வரைய, மென்பொருள் அதன்மேல் மணி வடிவக் காசியன் வளைவு ஒன்றைப் போர்த்துகிறது. யாரும் மாற்றாவிட்டால் அந்த வளைவின் அகலம், அரை உயரத்தில் ஒரு பக்கம் 0.333 எலக்ட்ரான் வோல்ட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 0.666, அலைஎண்ணில் (ஒரு செ.மீ. நீளத்தில் எத்தனை அலை) சுமார் 5,370 செ.மீ⁻¹. 455 நானோமீட்டரில் வைத்தால் 405 முதல் 518 வரை பரவும்.

உங்கள் உண்மையான சாயப் பட்டையின் முழு அகலம் எவ்வளவு? ரோடமின் 6ஜிக்கு எத்தனாலில் 35 நானோமீட்டர் பக்கம் இருக்கும், அதாவது 1,250–1,300 செ.மீ⁻¹. மென்பொருள் வரைந்தது அதைப்போல நான்கு மடங்கு அகலம். ஒரே கரண்டி மாவை ஊத்தப்பமாக ஊற்றியதையும் தோசையாக இழுத்ததையும் வைத்துத் தடிமன் ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

கணக்கு இதுதான்: உச்சி எப்சிலான் = 1.306 × 10⁸ × எஃப் ÷ சிக்மா. சிக்மா என்பது வளைவின் உயரம் 1/இ பங்காகக் குறையும் இடத்துக்கான அகலம், செ.மீ⁻¹ அலகில். 0.333 என்ற அரை அகலத்துக்குச் சிக்மா 0.4 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 3,226 செ.மீ⁻¹. வகுத்தால் 40,490. சிக்மாவை 0.1 என்று மாற்றினால் உச்சி 1,37,600 ஆகிவிடும். 0.12 வைத்தால் 1,14,700. அளந்ததோடு கச்சிதமாகப் பொருந்துகிறது, உடனே கட்டுரை எழுதிவிடலாம்!

பிப்ரவரி 4, காலை 7.25

கடைசி வரி கிண்டல். அப்படிச் செய்தும் விடுகிறார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்லி வைக்கிறேன். ஒரு கட்டுரையை மதிப்பாய்வு செய்ய வாங்கியபோது, ஐந்து சாயங்களுக்கு ஐந்து வேறு வேறு அகலம் வைத்து உச்சிகளைப் பொருத்தியிருந்தார்கள். கீழே “சிறந்த உடன்பாடு” என்று எழுதியிருந்தது. உடன்பாடு இருக்காமல் எங்கே போகும்?

பிப்ரவரி 4, இரவு 9.50

ஆக, உயரத்தை விட்டுவிட்டுப் பரப்பைப் பாருங்கள். அளந்த பக்கத்திலிருந்து எஃப் எடுக்க வேண்டும்:

எஃப் = 4.32 × 10⁻⁹ × (அலைஎண் அச்சில் எப்சிலானின் கீழுள்ள பரப்பு)

எப்சிலான் லிட்டர் மோல்⁻¹ செ.மீ⁻¹ அலகில் இருக்க வேண்டும், அச்சு செ.மீ⁻¹ அலகில். பக்கவாட்டில் 495 நானோமீட்டர் பக்கம் ஒரு தோள் தெரியுமே, அதுவும் அதே எலக்ட்ரான் தாவலின் அதிர்வுப் பங்குதான். அதையும் சேர்த்துத்தான் பரப்பு எடுக்க வேண்டும். 400க்குக் கீழே வரும் பட்டைகள் வேறு நிலைகள், அவை வேண்டாம். எங்கே வெட்டுவது என்பதில் கொஞ்சம் கைப்பழக்கம் தேவை. இந்தச் சாயத்தில் இரண்டுக்கும் நடுவே நல்ல பள்ளம் இருப்பதால் பிரச்சினை இல்லை.

கோப்பை எடுத்துப் பரப்பைக் கணக்கிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5, மாலை 6.15

கேள்வி கேட்டவர் தனிமடலில் கோப்பை அனுப்பிவிட்டு ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறார்: அலைநீளத்திலிருந்து அலைஎண்ணுக்கு மாற்றும்போது எப்சிலானையும் லாம்டா (அலைநீளம்) வர்க்கத்தால் பெருக்க வேண்டாமா, ஒளிர்வு நிறமாலைக்கு அப்படித்தானே செய்கிறோம் என்று.

வேண்டாம். ஒளிர்வில் நாம் அளப்பது “ஒரு நானோமீட்டர் இடைவெளிக்கு இத்தனை ஃபோட்டான்”. இடைவெளி மாறினால் எண்ணும் மாறும். எப்சிலான் அப்படியில்லை, அந்த நிறத்து ஒளி எவ்வளவு தடுக்கப்படுகிறது என்ற விகிதம் அது. 530 நானோமீட்டர் என்று சொன்னாலும் 18,868 செ.மீ⁻¹ என்று சொன்னாலும் எப்சிலான் 1,16,000தான். மாறுவது கூட்டும்போது வரும் பட்டை அகலம் மட்டும். கருவி ஒவ்வொரு நானோமீட்டருக்கும் ஒரு புள்ளி தருகிறது; அலைஎண்ணில் அந்தப் புள்ளிகள் சம தூரத்தில் இருக்காது. அதனால் சரிவகக் கூட்டல் (அடுத்தடுத்த இரு புள்ளிகளின் சராசரி உயரத்தை அவற்றின் இடைவெளியால் பெருக்கிக் கூட்டுவது) போடுங்கள், நிரலை மட்டும் கூட்டிவிட்டு ஒரே எண்ணால் பெருக்காதீர்கள்.

பிப்ரவரி 5, இரவு 10.30

அவர் கோப்பில் பரப்பு 1.7 × 10⁸. எஃப் = 0.73.

கணக்கில் 0.85. மூன்று மடங்கு வித்தியாசம் என்று ஆரம்பித்தது 16 சதவீதத்தில் வந்து நிற்கிறது.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் எஃப் எண்ணுக்குள் ஆற்றலும் ஒளிந்திருக்கிறது: அது ஆற்றலையும் தாவல் இருமுனைத் திருப்புத்திறனின் (தாவலின்போது மின்னூட்டம் எவ்வளவு அசைகிறது என்பதன் அளவு) வர்க்கத்தையும் பெருக்கி வருவது. உங்கள் கணக்கு ஆற்றலை 2.72 எலக்ட்ரான் வோல்ட் என்கிறது, அளந்தது 2.34. இந்தச் சாய வகைகளில் டிடி-டிஎஃப்டி ஆற்றலைத் தூக்கிக் காட்டுவது பழைய கதை. சயனின், போடிபி எல்லாம் அதே ஊர்தான். ஆற்றலில் 16 சதவீதம் அதிகம் என்றால், திருப்புத்திறன் சரியாகவே இருந்தாலும் எஃப் 16 சதவீதம் ஏறிவிடும். 0.85 ஐ 2.34/2.72 ஆல் பெருக்கினால் 0.73.

ஆமாம், இரண்டும் ஒரே எண். எனக்கும் கண் விரிந்தது.

பிப்ரவரி 6, காலை 6.50

ராத்திரி முழுக்க இந்த 0.73 உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு நன்றாகப் பொருந்தக் கூடாது.

கரைப்பானை மறந்துவிட்டோம். 4.32 × 10⁻⁹ என்ற எண் வெற்றிடத்தில் இருக்கும் மூலக்கூறுக்கானது. எத்தனாலுக்குள் ஒளி வேறு வேகத்தில் போகிறது, மூலக்கூறு உணரும் மின்புலமும் வெளியில் இருக்கும் புலமும் ஒன்றல்ல. இதற்கு 1934 இல் சாக்கோ கொடுத்த திருத்தத்தைத்தான் இன்னும் பலர் பயன்படுத்துகிறார்கள்: 9என் ÷ (என்² + 2)². என் என்பது ஒளிவிலகல் எண். எத்தனாலுக்கு 1.36 போட்டால் 0.83. சைக்ளோஹெக்சேனுக்கு 0.79. வெறும் 1/என் போதும் என்பவர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் எத்தனாலுக்கு 0.74.

முதல் திருத்தத்தைப் போட்டால் அளந்த எஃப் 0.61. கணக்கு 0.73. மறுபடி 20 சதவீத இடைவெளி. பொருந்தியது பொருந்தாமல் போயிற்று.

பிப்ரவரி 6, மதியம் 1.40

“திருத்தம் போட்டால் மோசமாகிறது என்றால் எதற்குப் போட வேண்டும்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிரிப்பாக இருந்தாலும் கேள்வியில் விஷயம் இருக்கிறது.

சாக்கோ திருத்தம் மூலக்கூறு ஒரு கோள வடிவக் குழிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறது. ரோடமின் ஒரு தட்டை நீளப் பலகை. தாவல் இருமுனையும் அந்த நீளவாக்கில்தான் கிடக்கிறது. பீட்டா கரோட்டின் போன்ற நீண்ட சங்கிலிக்குக் கோளக் குழி இன்னும் பொருந்தாது. வடிவத்தைச் சேர்த்தால் திருத்த எண் மாறும்.

இன்னொரு பக்கம், கணக்கிலேயே பிசிஎம் இருக்கிறது. கரைப்பான் முனைவாகி மூலக்கூறின்மேல் திருப்பிச் செலுத்தும் புலத்தை அது சேர்த்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் ஒளியின் புலம் குழிக்குள் எப்படி மாறுகிறது என்பதைச் சாதாரணமாகச் சேர்ப்பதில்லை. சாக்கோவோ இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி வைத்த திருத்தம். பிசிஎம் கணக்கோடு அதை ஒப்பிட்டால் ஒரு பகுதியை இரண்டு முறை எண்ணுகிறோம்.

ஆகவே நான் செய்வது: வெற்றிடக் கணக்கு என்றால் திருத்தத்தோடு ஒப்பிடுவேன். பிசிஎம் கணக்கு என்றால் திருத்தியதும் திருத்தாததும் இரண்டையும் அட்டவணையில் போட்டு, உண்மை இடையில் எங்கோ இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவேன். இந்த 20 சதவீதத்துக்குள் ஃபங்ஷனல்களை வரிசைப்படுத்தி “இதுதான் சிறந்தது” என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஃபங்ஷனல்களைத் தரம் பிரிக்க வேண்டுமென்றால் கணக்கைக் கணக்கோடு ஒப்பிடலாம். இஓஎம்-சிசிஎஸ்டி போன்ற உயர்மட்ட முறை தரும் எஃப் எண்ணை அளவுகோலாக வைத்து அப்படிச் செய்திருக்கிறார்கள். அதில் கேம்-பி3எல்ஒய்பி என்ற ஃபங்ஷனல் நல்ல பெயர் வாங்கியது.

பிப்ரவரி 7, இரவு 8.05

அளவீட்டைச் சந்தேகிக்கவே இல்லை என்று முதல் பதிவில் இருந்தது. கொஞ்சம் சந்தேகியுங்கள்.

எப்சிலான் 1,16,000 இருக்கும் சாயத்துக்கு அப்சார்பன்ஸ் (கரைசல் ஒளியைத் தடுக்கும் அளவு) 1 வர, செறிவு 8.6 மைக்ரோமோலார் போதும். குளோரைடு உப்பின் மூலக்கூறு எடை 479. லிட்டருக்கு 4 மில்லிகிராம் சொச்சம். நான்காவது தசமம் வரை காட்டும் தராசில் 4 மில்லிகிராம் நிறுத்தால், கடைசி இலக்கம் ஒன்று ஆடினாலே இரண்டரை சதவீதம் போய்விடும். அந்த இலக்கம் ஒன்றோடு நிற்குமா? ஏசி காற்றுக்கு ஆடும், கதவை மூடிய பிறகும் ஆடும், எடைத்தாளில் ஒட்டிய பொடியைத் தட்டினால் கையுறையின் நிலைமின்னுக்குப் பொடி எழுந்து தராசுத் தட்டின் ஓரத்தில் போய் ஒட்டும். சிவப்புப் பொடி என்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளைப் பொடியாக இருந்தால் தெரியவே தெரியாது. அதிகமாக நிறுத்து, கரைத்து, பின்னால் நீர்க்கச் செய்வதுதான் வழி.

அப்புறம் தூய்மை. சாயப் புட்டியின் லேபிளில் சாய அளவு இத்தனை சதவீதம் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். மீதி உப்பும் ஈரமும். அதைக் கவனிக்காமல் செறிவு போட்டால் எப்சிலான் அதே சதவீதம் இறங்கும், எஃப் எண்ணும் கூடவே இறங்கும். தவிர நேர்மின் சாயங்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டும். மிக நீர்த்த கரைசலில் இந்த இழப்பு பெரிதாகும்.

நீரில் அளப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ரோடமின் 6ஜி நீரில் செறிவு ஏற ஏற இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும். 500 நானோமீட்டர் பக்கம் தோள் உயரும், முதன்மை உச்சி தாழும். எத்தனாலில் இந்தச் செறிவில் அந்தக் கவலை இல்லை. எப்படியும் பல செறிவுகளில் அளந்து சாய்வை எடுங்கள், ஒற்றைக் கரைசலை நம்பாதீர்கள்.

பிப்ரவரி 7, இரவு 8.30

க்யூவெட்டை அசிட்டோனால் கழுவுகிறவர்களுக்கு. அசிட்டோனுக்கு 279 நானோமீட்டரில் எப்சிலான் வெறும் 15. ஆனால் திரவ அசிட்டோன் 13.6 மோலார். 3 மில்லி க்யூவெட்டில் ஒரு துளி தங்கினால் ஒரு சதவீதம், அப்சார்பன்ஸ் 2. ஒரு மாணவர் தான் செய்த எல்லாச் சேர்மங்களிலும் 280 பக்கம் “புதிய கார்போனைல் பட்டை” கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். உண்மையில் கார்போனைல்தான், அவருடையது இல்லை.

பிப்ரவரி 9, மாலை 5.20

எடை போடாமலே பரப்பைச் சரிபார்க்க வழி உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஒளிரும் சாயங்களுக்கு உண்டு. 1962 இல் ஸ்ட்ரிக்லரும் பெர்க்கும் கொடுத்த சமன்பாடு, உட்கவர் பட்டையின் பரப்பிலிருந்து ஒளிர்வு வேகத்தைக் கணிக்கும். ஆயுட்காலத்தை (ஒளிர்வு அணைய ஆகும் நேரம்) அளக்கச் செறிவு தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதன் அழகு.

ரோடமின் 6ஜிக்கு எத்தனாலில் ஒளிர்வு விளைதிறன் (உறிஞ்சிய ஒளியில் திரும்ப ஒளிரும் பங்கு) 0.95, ஆயுட்காலம் 4 நானோவினாடி பக்கம். வகுத்தால் ஒளிர்வு வேகம் விநாடிக்கு 2.4 × 10⁸. உங்கள் பரப்பை ஸ்ட்ரிக்லர்-பெர்க்கில் போட்டேன், தோராயமாக 2.7 × 10⁸ வருகிறது. 13 சதவீதத்துக்குள் இருக்கிறது. உங்கள் கரைசல் செறிவில் பெரிய ஓட்டை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சமன்பாட்டுக்குள்ளும் ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது, கரைப்பான் தகராறு அங்கேயும் தொடரும். அதனால் இதை வைத்து சாக்கோ சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 12, இரவு 10.10

இழை வேறு பக்கம் போய்விட்டது. “டிரான்ஸ் அசோபென்சீன் (இரு வளையங்களும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும் வடிவம்) ஓட்டினேன், முதல் கிளர்வு நிலைக்கு எஃப் 0.0000. ஆனால் பொருள் ஆரஞ்சு நிறத்தில் கண் முன்னால் இருக்கிறது” என்று புதிதாக ஒருவர்.

நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அசோபென்சீனின் வலுவான பட்டை 317 நானோமீட்டர் பக்கம், எப்சிலான் 20,000க்கு மேல். அது கண்ணுக்குத் தெரியாத புறஊதா. நாம் பார்க்கும் ஆரஞ்சு முழுக்க 440–450 பக்கம் இருக்கும் நலிந்த பட்டையால் வருவது, எப்சிலான் 400 சொச்சம். கணக்கு பூஜ்ஜியம் என்று சொல்லும் பட்டையும் அதேதான்.

கணக்கு தவறவில்லை. சமதள டிரான்ஸ் வடிவத்தில் மையச் சமச்சீர் இருக்கிறது, அந்த எலக்ட்ரான் தாவலுக்குச் சமச்சீர் அனுமதி இல்லை. ஆனால் மூலக்கூறு அந்த ஒரு வடிவத்தில் உறைந்து நிற்பதில்லையே. முறுக்கி, வளைந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சமச்சீர் கொஞ்சம் உடைகிறது, பக்கத்தில் இருக்கும் வலுவான நிலையிலிருந்து கொஞ்சம் வலிமையைக் கடன் வாங்கிக்கொள்கிறது. வளையங்கள் ஒரே பக்கம் இருக்கும் சிஸ் வடிவத்தில் அந்தச் சமச்சீரே கிடையாது. அதனால் அதே தாவலுக்கு எப்சிலான் 1,000ஐத் தாண்டும், கணக்கிலும் பூஜ்ஜியம் வராது. இரண்டையும் ஓட்டி அருகருகே வைத்துப் பாருங்கள்.

பென்சீனும் இதே ரகம். 254 பக்கம் எப்சிலான் சுமார் 200, பரப்பிலிருந்து வரும் எஃப் 0.001 அளவு. கணக்கில் பூஜ்ஜியம். ஆவி நிலை நிறமாலையில் தனியாக மின்னணுத் தாவல் மட்டும் நிகழும் இடத்தில் கோடே இருக்காது, 520 செ.மீ⁻¹ அதிர்வு ஒன்று கூடவே வந்த பிறகுதான் கோடுகள் தொடங்கி, 920 செ.மீ⁻¹ இடைவெளியில் வரிசையாக நிற்கும். 180 பக்கம் வரும் வலுவான பட்டை இரட்டை நிலை (ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகள்), வெளியீட்டில் இரண்டு வரிகளாக வரும். இரண்டையும் கூட்டிவிட்டு அளந்த 0.9 உடன் ஒப்பிடுங்கள். ஒரு வரியை மட்டும் எடுத்து “பாதிதான் வருகிறது” என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 13, காலை 7.00

நேற்றைய பதிவில் விட்டது: பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியமாகவே விடாமல் கணக்கிட இரண்டு வழி. ஒன்று ஹெர்ஸ்பெர்க்-டெல்லர் கணக்கு, தாவல் இருமுனை அதிர்வோடு எப்படி மாறுகிறது என்று வகைக்கெழு எடுப்பது. இறுக்கமான சிறு மூலக்கூறுகளுக்கு நன்றாக வேலை செய்யும். இன்னொன்று, பூஜ்ஜிய நிலை அதிர்விலிருந்து (மிகக் குறைந்த ஆற்றலிலும் மூலக்கூறு விடாமல் ஆடும் ஆட்டம்) பல வடிவங்களை மாதிரியாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் எஃப் கணக்கிட்டுச் சராசரி போடுவது. நியூட்டன்-எக்ஸ் போன்ற மென்பொருள்கள் இதைச் செய்துகொடுக்கும். அசோபென்சீனில் முறுக்கு அதிர்வு தளர்வாக இருப்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கூடவே பட்டையின் அகலத்தில் பெரும்பகுதியும் தானாக வந்துவிடும், 0.333 வைத்து விளையாட வேண்டியதில்லை.

ரோடமின் போன்ற வலுவான தாவலுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதிர்வுகள் பரப்பைப் பல உச்சிகளுக்குப் பங்கு போடும், மொத்தத்தைப் பெரிதாக மாற்றாது. ஆந்த்ரசீனில் இது தெளிவாகத் தெரியும்: 1,400 செ.மீ⁻¹ இடைவெளியில் கூரான உச்சிகள், 356 நானோமீட்டரில் எப்சிலான் 9,700. கருவியின் பிளவை (ஒளி நுழையும் இடுக்கு) 1 நானோமீட்டரிலிருந்து 5க்குத் திறந்தால் உச்சிகள் மழுங்கி எப்சிலான் இறங்கும், பரப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

பிப்ரவரி 13, காலை 7.20

ஓர்கா (காசியன் போன்ற இன்னொரு மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: எதுவும் சொல்லாவிட்டால் அதில் டிடிஏ என்ற, டிடி-டிஎஃப்டியைச் சுருக்கிய தோராயம்தான் ஓடும். ஆற்றலுக்கு அது பரவாயில்லை. எஃப் எண்ணுக்கு நான் அதை நம்புவதில்லை. எல்லா நிலைகளின் எஃப் எண்ணையும் கூட்டினால் எலக்ட்ரான் எண்ணிக்கை வர வேண்டும் என்ற கூட்டல் விதியை டிடிஏ காப்பாற்றாது, வலுவான சாயப் பட்டைகளில் எண்ணைத் தூக்கிக் காட்டும். அணைத்துவிட்டு முழு டிடி-டிஎஃப்டி ஓட்டுங்கள். காசியனில் ஓட்டியதும் ஓர்காவில் ஓட்டியதும் ஒத்துப்போகவில்லை என்று வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

பிப்ரவரி 15, இரவு 9.15

வாயு நிலைக்காரர் ஒருவர், தன் எண் சரியாக 2.3 மடங்கு தள்ளி இருக்கிறது என்கிறார். 2.303 என்றாலே இயல் மடக்கை, பத்தடி மடக்கைக் குழப்பம்தான். ஒரு மூலக்கூறு ஒளியைத் தடுக்கும் குறுக்குவெட்டுப் பரப்பு செ.மீ² அலகில் இருந்தால் 3.82 × 10⁻²¹ ஆல் வகுத்தால் எப்சிலான் வரும், மடக்கை மாற்றமும் அதற்குள் அடக்கம். தனியாக ஒருமுறை 2.303 போட்டுவிட்டீர்கள்.

பிப்ரவரி 18, மாலை 6.40

ரோடமின் நண்பர் மீண்டும் வந்திருக்கிறார். ஆய்வறிக்கையில் எதை எழுதுவது, வழிகாட்டி ஒரே எண்ணாகக் கேட்கிறார் என்கிறார்.

ஒரே எண் என்றால் தாவல் இருமுனைத் திருப்புத்திறனைக் கொடுங்கள், எஃப் வேண்டாம். ஆற்றல் பிழை அதில் கலக்காது. அளந்த பக்கத்துக்கு: எப்சிலானை அலைஎண்ணால் வகுத்து அந்த வளைவின் பரப்பை எடுத்து, வர்க்கமூலத்தை 0.0958 ஆல் பெருக்கினால் டிபை அலகில் வரும். உங்கள் பட்டைக்கு 9 டிபையை ஒட்டி வரும். கணக்குப் பக்கம் வெளியீட்டிலேயே அணு அலகில் இருக்கும், 2.54 ஆல் பெருக்குங்கள். கரைப்பான் திருத்தம் போட்டதா போடாததா என்று அட்டவணைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். உச்சி எப்சிலானைக் கணக்கிலிருந்து எடுத்து எழுதவே எழுதாதீர்கள். படம் வேண்டுமென்றால் அகலம் எவ்வளவு வைத்தீர்கள் என்று படத்தின் கீழே போடுங்கள்.

வழிகாட்டி அதற்கும் சம்மதிக்காவிட்டால் முதல் பதிவிலிருக்கும் 34,400 ஐக் காட்டி, அகலத்தை அவரையே திருகச் சொல்லுங்கள்.